விளைச்சலை ஏற்றிச் செல்லும் வண்டி: சாலைச் சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

பாடுபட்டு வளர்த்த காய்கறியைப் பறித்து, தரம் பிரித்து, வண்டியில் ஏற்றி அனுப்பியதோடு விவசாயியின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. சரக்கு மார்க்கெட்டில் இறங்கிய பிறகுதான் பெருமூச்சு விட முடியும். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்கும், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சென்னை கோயம்பேட்டுக்கும் போகும் தக்காளி வண்டி விடியுமுன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வழியில் மோட்டார் வாகன ஆய்வாளர் நிறுத்தி, "டயர் வழுக்கையாக இருக்கிறது, பாரமும் கூடுதல்" என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டால், முதலில் விலை போகும். வெயில் ஏறினால் சரக்கும் போகும்.

சோதனை என்றாலே தொல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஆய்வாளர் பார்க்கும் பிரேக், டயர், விளக்கு, பாரம் ஆகிய நான்கும் ஓட்டுநரின் உயிரையும், எதிரே வருபவரின் உயிரையும் காப்பவை. சோதனைக்குத் தயாராவதும் விபத்தைத் தடுப்பதும் ஒரே வேலைதான். இதற்குப் புறப்படுமுன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தாள்கள்

பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, புகைச் சான்று, தேவையான வண்டிக்குப் பர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய செயலிகளில் காட்டப்படும் சான்றுகளும் இப்போது செல்லும். ஆனால் நடு ரோட்டில் செல்போனில் சார்ஜ் இல்லாமல் போகலாம். ஆகவே காகித நகல் ஒன்றும் இருப்பது நலம்.

சான்றுகளின் கடைசித் தேதிகளை ஒரு அட்டையில் எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். புதிய சரக்கு வண்டிக்கு முதல் தகுதிச் சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

உரிமத்திலும் கவனம் தேவை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று 2024-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துள்ளது. அதற்கு மேற்பட்ட லாரிக்குத் தனி உரிமம் தேவை.

பாரம்

பதிவுச் சான்றில் வண்டியின் வெற்று எடையும், ஏற்றிய பின் இருக்கலாகும் மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக்கூடிய சரக்கு. 40 கிலோ நெல் மூட்டை 25 சேர்ந்தால் ஒரு டன். பத்து டன் ஏற்றக்கூடிய லாரி என்றால் 250 மூட்டை. "இன்னும் ஐம்பதுதானே, ஒரே நடையில் முடித்துவிடலாம்" என்று 300 மூட்டை ஏற்றினால் இரண்டு டன் கூடுதலாகிறது.

இதற்கு என்ன விலை? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மேற்சொன்ன கணக்குப்படி 24,000 ரூபாய். இறக்கும் கூலியும் நம்மைச் சேர்ந்தது. மிகுதிச் சரக்கை இறக்கும் வரை வண்டி நகர முடியாது. எடை போட மறுத்துப் போய்விட்டால் அபராதம் 40,000 ரூபாய். ஒரு நடை வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் இத்தனையையும் இழப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். பாரம் கூடும்போது டயர் சூடேறி வெடிக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். மழையில் நனைந்த கரும்பும், ஈரம் காயாத நெல்லும் கண்ணால் பார்த்த மதிப்பைவிட எடை கூடுதலாக இருக்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள எடை மேடையில் நிறுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்கும் முறை

சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த அளவை மீறி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. கனமான மூட்டைகளை அடியிலும், இலேசானவற்றை மேலேயும் அடுக்க வேண்டும். தார்ப்பாய் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டி, பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்குங்கள். தார்ப்பாயின் நுனி நம்பர் பலகையையோ பின் விளக்கையோ மறைக்காமல் இருக்கட்டும்.

டிராக்டர் டிரெய்லரில் இன்னும் கவனம் வேண்டும். பாரம் முழுவதும் டிரெய்லரின் பின்பகுதியில் இருந்தால், இணைப்பு மேலே தூக்கப்பட்டு, டிராக்டரின் பின் சக்கரம் பிடிப்பை இழக்கும். முன்பகுதியில் அளவுக்கு மீறி அழுத்தினால், மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எனவே பாரத்தைச் சீராகப் பரப்ப வேண்டும். இரண்டையும் இணைக்கும் முளைக்குப் பூட்டு இருக்கிறதா, அது தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர்

டயரின் பள்ளங்களுக்கு அடியில் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். லாரி டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம், நூல் தெரிதல் ஆகியவற்றைத் தேடுங்கள். பின் சக்கரத்து இரட்டை டயர்களின் நடுவில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். சக்கர நட்டுகளைச் சுற்றித் துரு கோடாக வழிந்திருந்தால், அந்த நட்டு தளர்ந்திருக்கக்கூடும். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

பிரேக்

காற்று பிரேக் உள்ள வண்டியில் காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிட வேண்டும். இஞ்சினை ஓட விட்டு, காற்றழுத்த முள் உரிய அளவுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு இஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி காது கொடுத்துக் கேட்டால், "உஸ்" என்ற சத்தம் கசிவைக் காட்டிக் கொடுத்துவிடும். எண்ணெய் பிரேக் என்றால் எண்ணெயின் அளவையும், குழாய்களில் கசிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது என்பதை ஓட்டுநர் என்றும் நினைவில் வைக்க வேண்டும்.

மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போடுவது உயிருக்கே உலை வைப்பதாகும். இஞ்சினின் தடுப்புச் சக்தி போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகலாம்.

விளக்கும் ஒளிப்பட்டையும்

இரவில் கரும்பு, வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்புறம் ஒரு சிறு விளக்குக்கூட இல்லாமல் இருட்டோடு இருட்டாகப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு டிரெய்லர் இருப்பதே தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அந்தப் பையன் நம் ஊர்ப் பையனாகவே இருக்கலாம். எனவே பின்புறம் சிவப்பு, முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள் என ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டுங்கள். அவற்றின் மேல் சேறு படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், முன் விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகியவற்றைப் புறப்படுமுன் இயக்கிப் பார்க்க ஓர் ஆள் போதும். வண்டி பழுதாகி நின்றால் வைக்க, எச்சரிக்கை முக்கோணம் ஒன்று இருக்கட்டும்.

சரக்கின் மேல் ஆட்களை ஏற்றாதீர்கள்

அறுவடை முடிந்து கூலி ஆட்களை மூட்டை மேல் உட்கார வைத்து அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. சரக்கின் உரிமையாளரும் அவரது பிரதிநிதியும் மட்டும், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காப்பீட்டில் அடங்குவர். சும்மா ஏறிவரும் பயணிகள் அடங்கமாட்டார்கள் என்பது 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு. அந்த வழக்கில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. ஒரு விபத்தில் நிலமே கைமாறிப் போகலாம் என்பதை உணர வேண்டும்.

நிறுத்தச் சொன்னால்

வண்டியைச் சாலையின் இடப்புறம் ஒதுக்கி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கேட்ட தாள்களைப் பொறுமையாகக் காட்டுங்கள். குறை சுட்டிக் காட்டப்பட்டால் அது எந்தக் குறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அபராதம் என்றால் சலான் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். அபராதம் சரியல்ல என்று கருதினால் கோர்ட்டில் முறையிடவும் வழி உண்டு.

வாடகை வண்டி எடுக்கும் விவசாயியும் இவற்றைக் கேட்டுப் பார்த்த பிறகே சரக்கை ஏற்ற வேண்டும். வாடகையில் நூறு ரூபாய் குறைவு என்று ஓட்டை வண்டியைப் பிடித்தால், வழியில் அழுகும் சரக்கு அவருடையதுதான். உழுவதற்கு முன் ஏரைச் சரிபார்க்காத விவசாயி இல்லை. அந்த வழக்கத்தை வண்டிக்கும் கொண்டுவந்தால், சரக்கு நேரத்துக்குச் சேரும். போன ஆளும் வீடு திரும்புவார்.