புதிய ரூட்டரும் பழைய சாதனங்களும்

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு மாறுவது புதிதன்று. கரோல்பாகிலிருந்து மயூர் விஹாருக்கும், முனிர்க்காவிலிருந்து துவாரகாவுக்கும் குடிபெயர்கிறோம். வீட்டோடு இணைய இணைப்பும் மாறும்போது, வைஃபை அலைகளைப் பரப்பும் ரூட்டர் என்னும் சிறு பெட்டியும் பெரும்பாலும் மாறிவிடுகிறது. உடனே வாசற் கேமரா செயலற்றுப் போகிறது; விளக்கும் டெலிவிஷனும் அலைபேசியின் கட்டளையை ஏற்பதில்லை. இவை பழுதாகிவிட்டன என்று எண்ணிப் புதியன வாங்குவோரும் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது.

இச்சாதனங்கள் நினைவில் வைத்திருப்பவை இரண்டே: வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல். இன்று பரவலாக வழங்கும் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் காப்பு முறையில் இவ்விரண்டையும் சேர்த்து, 4096 முறை கணக்கிட்டு, ஒரு மறைச்சாவி ஆக்கப்படுகிறது. கடவுச்சொல் வான்வழியே செல்வதில்லை. இரு பக்கத்திலும் ஒரே சாவி உள்ளதா என்பதே சோதிக்கப்படுகிறது. ஆதலின் பெயரிலோ கடவுச்சொல்லிலோ ஓர் எழுத்து மாறினாலும் சாவி முற்றிலும் வேறாகிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே ஒன்றல்ல.

எளிய வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் புதிய ரூட்டருக்கு இட்டுவிட வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 போன்றதொரு முகவரி இருக்கும். அலைபேசியைப் புதிய ரூட்டருடன் இணைத்து, அம்முகவரியை பிரவுசரில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே இரண்டையும் மாற்றிச் சேமித்தால், சில நிமிஷங்களில் பெரும்பாலான சாதனங்கள் தாமாகவே திரும்பிவிடும். அமைப்புப் பக்கத்துக்கென ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடுவது நலம்.

சில சாதனங்கள் மட்டும் வாராமற் போகலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் அலைவரிசை. ஒரு காலத்தில் நம் நாட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. வைஃபைக்கு உரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005-ஆம் ஆண்டில் உரிமத் தேவையினின்று விடுபட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அவ்விலக்கு 2018-இல் விரிவாக்கப்பட்டது. விலை குறைந்த விளக்கு, பிளக், கேமரா ஆகியவற்றுட் பல முன்னதை மட்டுமே அறியும். புதிய ரூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் பரப்பும்போது அவை தடுமாறுவதுண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையைச் சற்று நேரம் நிறுத்தி, அவற்றை இணைத்தபின் மீண்டும் தொடங்கலாம். காப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்றிருந்தால், பழைய முறையையும் ஏற்கும் கலப்பு நிலைக்கு மாற்றுங்கள்.

பழைய கடவுச்சொல்லை அண்டை அயலாரும் முன்பு உடன் குடியிருந்தோரும் அறிந்திருந்தால், அதைத் தொடர்வது தகாது. புதிய கடவுச்சொல் அமைத்து, ஒவ்வொரு சாதனத்தையும் அதன் கையேட்டின்படி மீண்டும் பதிய வேண்டும். கேமராவையும் கதவுப் பூட்டையும் முதலிற் பதியுங்கள், விளக்குகள் காத்திருக்கலாம்.

இன்னொன்று பலர் நினையாதது. பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே தொடர்ந்தால், கழித்துவிட்ட பழைய ரூட்டரும் உங்கள் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறது. அதைக் கபாடிவாலாவிடம் போடுமுன், அல்லது நிறுவனத்திடம் திருப்பித் தருமுன், மின்சாரம் கொடுத்து, ரீசெட் என்று குறித்த துளையில் ஓர் ஊசியால் பத்து விநாடிகளுக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள். பெயர் ஆலையிலிருந்து வந்தபடி மாறியதை உறுதி செய்துகொண்ட பின்னரே அதைக் கைவிட வேண்டும்.

கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்படுவோர், ரூட்டர் மாற்றத்தைப் பயணத்தன்று வைத்துக்கொள்ளலாகாது. ஒரு வாரம் முன்னரே மாற்றி, வீட்டு வைஃபையைவிட்டு வெளியே வந்து, அலைபேசியின் சொந்த இணையத்தில் கேமராவின் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கவலையின்றிப் புறப்படலாம்.