அன்னூர்ப் பனியில் அலசாத கழுவல்

மார்கழியில் ஒரு சொட்டு மழை இல்லாத இரவிலும், அன்னூர் சத்தி ரோட்டோரம் வெட்டவெளியில் நிறுத்திய காரின் கூரை விடியலில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பக்கத்துக் கதவுகளில் அவ்வளவு ஈரம் இருக்காது. புளியமரத்தடியில் நிற்கும் கார் காய்ந்தே கிடக்கும். காரணம், கூரை வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. மெல்லிய தகடு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. தெளிந்த வானத்திலிருந்து அதற்கு ஈடாக எதுவும் திரும்பி வருவதில்லை. சுற்றியுள்ள காற்றைவிடத் தகடு குளிர்ந்துவிட, காற்றிலிருக்கும் ஆவி அதன்மேல் நீராகிறது. கதவுக்கு எதிரே சுவரும் தரையும் இருக்கின்றன. கூரைக்கு மேல் மரம் இருந்தால் அதுவும் அப்படித்தான். அவை வெப்பத்தைத் திருப்பித் தருகின்றன.

பனி நீர் சுத்தமான நீர், காய்ச்சி வடித்ததற்கு ஒப்பானது. ஆனால் அது விழும் இடம் சுத்தமாக இல்லை. பகலெல்லாம் படிந்த செம்மண் புழுதி நனைகிறது, வெயில் ஏறியதும் காய்கிறது, மறுநாள் மீண்டும் நனைகிறது. ஒரு வாரத்தில் அது ஊதினால் பறக்கும் தூசியாக இல்லாமல் தகட்டோடு ஒட்டிய மெல்லிய பூச்சாகிவிடும். வாடகைக் கார் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்குப் பாருங்கள்: மஞ்சள் துணியால் அந்தப் பனியோடு சேர்த்துத் துடைத்துத் தள்ளுவார்கள். காருக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் இதற்கு முதலிடம் தருவேன். புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல், கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் 7-ஐத் தொடுவது. சாதாரண இரும்பையே கீறும். பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் வெறும் பிளாஸ்டிக் படலம், தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். மணலைத் தூக்கி மிதக்கவைக்கப் பனி நீர் போதாது. இழுத்துக்கொண்டு போகத்தான் போதும்.

அப்படி விழுந்த கீறல்களை வெயிலில் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகத் தெரியும். 'வட்டமாகத் துடைத்ததால் வந்தது' என்று சொல்வார்கள். உண்மை அதுவல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில், ஒளி விழும் திசைக்குக் குறுக்கே அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தெரிகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் நகரும். நாள்பட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டைப் பல்புக்கு அடியில் பிடித்தாலும் இதே வட்டம்தான்.

தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி முதலில் மணலை இறக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அது முடியாத இடங்களுக்காகப் பிறந்ததுதான் 'ரின்ஸ்லெஸ்' எனப்படும், அலசத் தேவையில்லாத கழுவல் திரவம். டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதன் தேவை சட்டென்று புரியும். அங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு காரின் அடிவரை அப்பிக்கொள்ளும். வீட்டு வாசலில் குழாயைத் திறந்தால் தரை வழுக்கும் பனிக்கட்டியாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரோடு கராஜுக்குள்ளேயே வேலையை முடிக்க வேண்டும். நமக்கு உறைபனி இல்லை. அன்னூரில் தண்ணீரே கணக்கு.

சாதாரண கார் ஷாம்பு அழுக்கை நுரையால் பிரித்து வைக்கும். அழுக்கையும் ஷாம்புவையும் சேர்த்து அடித்துச் செல்லப் பின்னால் நிறையத் தண்ணீர் வேண்டும். ரின்ஸ்லெஸ் திரவத்தில் நுரை கொஞ்சம், வேலை செய்வது பெரும்பாலும் பாலிமர் சங்கிலிகள். தண்ணீரில் மணல் துகள் எதிர்மின் சுமையோடு இருக்கும். நேர்மின் சுமையுள்ள பாலிமர் அதைப் பற்றிப் போர்த்திக்கொள்ளும். போர்த்திய துகள் வழுக்கிக்கொண்டு துணிக்குள் போகிறது, வாளியில் பிழிந்தால் அடியில் தங்குகிறது. இவ்வகையில் உலகெங்கும் பேர்பெற்ற 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' திரவத்தை உருவாக்கிய டேவிட் கொடூசியும் ஒரு பாலிமர் வேதியியலாளர்தான். அதன் கலவை 256-க்கு 1, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி.

இனிதான் அன்னூர்க்காரர் கவனிக்க வேண்டிய கணக்கு. அலசாத கழுவலில் வாளித் தண்ணீரின் கடைசி ஈரம் காரின் மேலேயே காய்கிறது. அதில் கரைந்திருப்பது எல்லாம் அங்கேயே தங்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் தாராளம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அந்த 600 என்றே வைத்துக்கொண்டால் 10 லிட்டரில் 6 கிராம் சுண்ணாம்பு. 'கடினநீரை மென்மையாக்கும்' என்று புட்டியில் போட்டிருப்பார்கள். அதற்கு இடிடிஏ போன்ற, கால்சியத்தைக் கவ்வும் வேதிப்பொருள் வேண்டும். 6 கிராமையும் கவ்வ இடிடிஏ சுமார் 18 கிராம் பிடிக்கும். நாம் ஊற்றும் 40 மில்லியில் பாதிக்குக் கிட்ட அதற்கே போய்விட்டால் பாலிமருக்கு எங்கே இடம்? ஆக, புட்டியைத் தேர்வு செய்யும் முன் தண்ணீரைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஆத்துத் தண்ணி வரும் நாளில் ஒரு வாளி எடுத்து வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியிலிருந்து பிடித்த மழைநீர் இன்னும் மேல். தண்ணீர் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைக் காருக்கு ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. நல்ல மனசுதான், ஆனால் தவறான தண்ணீர். பாதி நல்ல நீராகப் பிரிந்து போனால் மிச்சத்தில் உப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் அருமையானது. மார்கழியில் யார் ஏ.சி. போடுகிறார்கள்! ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே இனி மாறிவிடாதா என்று கேட்கலாம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கியபின் பவானியின் உபரி நீர் 1,045 குளம், குட்டைகளுக்குத் திரும்பியிருக்கிறது. ஆனாலும் பாறை இடுக்கில் பல காலம் ஊறிய தண்ணீரின் உப்பு ஒரு பருவத்தில் மாறிவிடாது.

கடையில் 'வாட்டர்லெஸ்' என்று இன்னொரு வகையும் விற்கும். அது நேராக ஸ்பிரே செய்து துடைப்பது, லேசான தூசிக்கு மட்டும். வாரக்கணக்கில் பனியில் ஊறிய புழுதிக்கு வாளியில் கலக்கும் ரின்ஸ்லெஸ்தான் சரி. மெழுகு கலந்தது பளபளக்கும். ஆனால் கண்ணாடியில் படிந்தால் வைப்பர் இழுக்கும்போது மங்கலாகும். எனக்கு மெழுகில்லாததே உசத்தி. மணத்துக்கும் கலருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, கலவை விகிதத்தைப் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணி ஏழெட்டு வேண்டும். ஒரு பக்கம் துடைத்ததும் மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாறிவிட வேண்டும். தோட்டத்துக்குப் போய்வந்து சக்கர வளைவில் சேறு அப்பியிருந்தால் எந்தப் புட்டியும் உதவாது, முதலில் குழாய்தான்.

வெயில் ஏறுமுன் துடைப்பதுதான் முறை. சித்திரையில் பானட் சூட்டில் துணி போய்ச் சேரும் முன்பே சொட்டு காய்ந்து தடம் விழும். மார்கழியில் அந்த அவசரம் இல்லை. பெரிய புட்டி வாங்கும் முன் பழைய முகக்கண்ணாடித் துண்டு ஒன்றில் மூன்று சொட்டு வையுங்கள்: வெறும் போர் தண்ணி, போர் தண்ணியில் கலந்த திரவம், மழைநீரில் கலந்த திரவம். காய்ந்ததும் ஈரத் துணியால் ஒரே ஒரு முறை துடையுங்கள். இரண்டாவது தடம் முதலாவதைப் போலவே வெள்ளையாக ஒட்டி நின்றால், அந்தத் திரவத்தால் உங்கள் தண்ணீரைச் சமாளிக்க முடியாது.