உணவும் உயிரணுவும் – 9: பாதி எரித்து நிறுத்தும் சுரப்பி

சர்க்கரையை விட்டுவிட்டால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகுமா என்ற கேள்வியில் போன வாரம் தொடர் நின்றது. புற்றணுக்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்கி, முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுவதை ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் புராஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களின் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதாகப் பேச்சு. ஆனால் சாப்பாட்டுக்குப் போகுமுன் அந்தச் சுரப்பியின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். வார்பர்க் சொன்ன கதை அங்கே தலைகீழாக நடக்கிறது.

உடலில் மற்ற உயிரணுக்களெல்லாம் சிட்ரிக் அமிலத்தை உண்டாக்கிய கையோடு அதை எரித்துச் சக்தியாக்கிவிடும். புராஸ்டேட் அணு அப்படிச் செய்வதில்லை. அடுப்பில் பாதி எரிந்த விறகை உருவி வெளியே போடுவதைப் போல, அந்த அமிலத்தை அப்படியே விந்துத் திரவத்துக்கு அனுப்பிவிடுகிறது. இரத்தத்தில் இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிட்ரிக் அமிலம் அந்தச் சுரப்பு நீரில் இருக்கிறது. அதை எரிக்க விடாமல் தடுப்பது துத்தநாகம். புராஸ்டேட் அணுக்கள் இரத்தத்திலிருந்து துத்தநாகத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அகோனிட்டேஸ் என்ற நொதியின் வேலையை முடக்குகிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கக்கூடிய சக்தியில் பாதிக்கு மேல் இப்படி வெளியே போகிறது. இதை வருடக்கணக்கில் துருவித் துருவி ஆராய்ந்து நிறுவியவர்கள் பால்டிமோரில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி காஸ்டெல்லோவும் ரெண்டி ஃபிராங்க்ளினும்.

அணு புற்றாக மாறும்போது முதலில் கைவிடுவது இந்தத் துத்தநாகத்தைத்தான். அதை உள்ளே கொண்டுவரும் ‘ஜிப்1’ புரதம் குறைந்துபோகிறது, தடை விலகுகிறது, வீணாகிக்கொண்டிருந்த சிட்ரிக் அமிலம் எரிபொருளாகிறது. மற்ற புற்றுகள் எரிப்பதைக் குறைத்துக்கொள்ளும் இடத்தில், இது எரிக்கவே புதிதாகக் கற்றுக்கொள்கிறது! கூடவே கொழுப்பு அமிலங்களையும் ஆர்வமாகப் பயன்படுத்துகிறது. அதனால்தான் குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் ஆரம்பநிலை புராஸ்டேட் புற்று பெரும்பாலும் பளிச்சென்று தெரிவதில்லை. நோய் முற்றி, ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காத கட்டத்தில்தான் பலருக்கு அது சர்க்கரைப் பசி கொள்கிறது. ‘இனிப்பை நிறுத்து, புற்று சாகும்’ என்ற வாட்ஸ்அப் அறிவுரை இந்த நோயின் ஆரம்பநிலைக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் ஜிங்க் மாத்திரை சாப்பிடலாமே என்று தோன்றும். வேண்டாம். குறை உணவில் இல்லை. அணுதான் கதவைச் சாத்திக்கொண்டது. அமெரிக்காவில் 46,974 ஆண்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், தினமும் 100 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாக மாத்திரை எடுத்தவர்களுக்கு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

புராஸ்டேட் சுரப்பு நீரின் கதையில் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸை விட்டுவிட முடியாது. 1930-களின் இறுதியில் அவர் நாய்களின் புராஸ்டேட் நீரைச் சேகரித்து அதன் வேதியியலை அளந்துகொண்டிருந்தார். வயதான சில நாய்களுக்குப் புராஸ்டேட்டில் கட்டி இருந்தது ஆய்வுக்குப் பெரிய இடைஞ்சலாகப்பட்டது. ஆனால் விரைகளை நீக்கியதும் அந்தக் கட்டிகள் சுருங்கின. 1941-இல் அதையே மனிதர்களிடம் செய்து காட்டினார். 1966-இல் நோபல் பரிசு வந்தது. முற்றிய நோய்க்கு டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசி இன்றும் போடப்படுவது அந்த நாய்களின் தயவால்.

அந்த ஊசிக்கு ஒரு விலை உண்டு, உணவு உண்மையில் நுழையும் வாசலும் அதுதான். பாஸ்டனில் மேத்யூ ஸ்மித் குழு லூப்ரோலைடு என்ற அந்த வகை ஊசியைப் போட்டுக்கொண்டவர்களை 48 வாரம் அளந்து பார்த்தது. உடல் கொழுப்பு சராசரியாக 9.4 சதவீதம் ஏறியது, தசை முதலான கொழுப்பற்ற எடை 2.7 சதவீதம் இறங்கியது. கால்சட்டை இடுப்பில் இறுகும். மாடிப்படி ஏறத் தொடை ஒத்துழைக்காது. இன்சுலினுக்கு உடல் முன்போல் கட்டுப்படாது. சர்க்கரை நோய், மாரடைப்பு அபாயம் பற்றிய எச்சரிக்கையை மருந்துப் பெட்டியோடு வரும் தாளில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் உத்தரவிட்டது. புற்றை அடக்கிவிட்டு இதயத்தைப் பறிகொடுப்பது எந்த நோயாளிக்கும் நேரக்கூடாத கொடுமை. ஊசி போடும் நாளிலேயே சர்க்கரை அளவையும் இடுப்பளவையும் எழுதி வைப்பது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும்.

உணவால் புற்றையே கட்டுப்படுத்த முடியுமா? இங்கேதான் சான்றுகள் தயங்குகின்றன. அறுவை இல்லாமல் கண்காணிப்பில் இருந்த 478 அமெரிக்கர்களில் பாதிப்பேரை, தினம் ஏழு பங்கு காய்கறி சாப்பிடத் தொலைபேசியில் ஊக்கப்படுத்தினார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய் முன்னேறுவதில் வித்தியாசம் இல்லை என்று 2020-இல் முடிவு வந்தது. அதே ஆண்டு வெளியான ஸ்டீபன் ஃப்ரீட்லாண்ட் குழுவின் ஆய்வில், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 12 கிலோ இளைத்தார்கள். நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை அளவு இரட்டிப்பாகும் வேகத்தில் தெளிவான மாற்றம் கிடைக்கவில்லை. வேறு காரணிகளைக் கழித்துக் கணக்கிட்டபோதுதான் மெதுவானதாகத் தெரிந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 57 பேர்தான். உறுதி சொல்ல அது போதாது.

மீன் எண்ணெய்க்கு இந்த வாரமே வந்திருக்க வேண்டும். துத்தநாகம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஆரோன்சன் 100 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், பொரிக்கும் எண்ணெயைக் குறைத்து ஒமேகா-3-ஐக் கூட்டியபோது புற்றணு பெருகும் வேகத்தைக் காட்டும் ‘கே.ஐ.67’ அளவு என்ன ஆனது என்பது, அடுத்த வாரம்.

(தொடரும்)