ஒலிப்பதிவும் உள்ளூர் வல்லுநரும்

நாடகத்தையோ, சொற்பொழிவையோ, வியாபார விளம்பரத்தையோ பதிவுசெய்து வெளியிட விரும்புவோர், உடை, திரை, விளக்கு முதலியவற்றிற்குத் தாராளமாய்ச் செலவிட்டு, ஒலியை மட்டும் இறுதியில் எண்ணுவது வழக்கமாயிருக்கின்றது. காட்சி சிறிது மங்கினாலும் காண்போர் பொறுப்பர்; சொல் விளங்காவிடின் பொறார். ஆதலின், ஒலிப்பதிவு வல்லுநரை அமர்த்துங்கால் கவனிக்கவேண்டுவன யாவை, அவர் நம் ஊரினராயிருத்தலால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாய் ஆராய்வோம்.

நம் நாட்டில் இத்தொழில் அயலாராலேயே தொடங்கப்பெற்றது. 1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியைச் சார்ந்த பிரெடரிக் கெய்ஸ்பர்க் என்பார் கருவிகளுடன் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோர் பாட்டுக்களைப் பதிந்தார். அப்பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கிருந்து இசைத்தட்டுக்களாய்த் திரும்பின. தமிழ்ப் பேசும்படத்தின் வரலாறும் இத்தகையதே. 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' பம்பாயிலே எடுக்கப்பட்டது. அதன்பின்னும் சில ஆண்டுகள் தமிழ்ப்படம் எடுப்போர், நடிகர் கூட்டத்தோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணஞ்செய்ய வேண்டியிருந்தது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஒலிப்பட நிலையம் ஒன்றை நிறுவி, 'ஸ்ரீநிவாச கல்யாணம்' என்னும் படத்தை எடுத்தார். அதன் ஒலிப்பதிவை மேற்கொண்டவர் அவர்தம் மனைவியார் மீனாட்சி நாராயணன். இந்தியத் திரைப்படத் துறையின் முதற் பெண் ஒலிப்பதிவாளர் என அவரைக் கூறுவர்.

தொழில் அருகில் வந்ததனால் பயணச் செலவு குறைந்தது மட்டுமன்று, செவியும் நம்முடையதாயிற்று. 'வாழை' என்பது 'வாளை' எனவும், 'கறி' என்பது 'கரி' எனவும் பிறழுமாயின், தமிழறிந்த ஒலிப்பதிவாளர் அக்கணமே நிறுத்தி மீண்டும் சொல்லச் செய்வார். 'பட்டு' என்னும் சொல்லில் வல்லொற்று இரட்டிக்குமிடத்தே கணநேர மௌனம் ஒன்றுண்டு. தமிழறியாதார் அதனை வெற்றிடமெனக் கருதிச் சுருக்குவராயின் சொல்லின் உருவே குலையும். இக்குறையைக் கருவி காட்டாது, செவியே காட்டும்.

எனினும், ஊரினர் என்பதொன்றே தகுதியாகாது. முதலாவது, வேண்டும் வேலை யாதென நாம் தெளியவேண்டும். பேச்சைப் பதிதல், பதிந்ததைத் தொகுத்தல், பல ஒலிகளை அளவறிந்து கலத்தல், மண்டபத்தில் ஒலிபெருக்கி அமைத்தல் ஆகியவை வெவ்வேறு தொழில்கள். ஒன்றில் வல்லார் மற்றொன்றில் வல்லராயிருத்தல் நியதியன்று. ஆகவே, நாம் கருதும் வகையிலேயே அவர் முன்பு செய்த வேலையைக் கேட்டறிதல் நலம்.

இரண்டாவது, பதிவு நாளுக்கு முன்னரே அவரை இடத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். மின்விசிறியின் இரைச்சல், வீதியின் ஊர்தி முழக்கம், மாலையிற் கூடும் காக்கைகளின் கரைதல் ஆகியன நம் செவிக்குப் பழகிப்போனவை. ஒலிவாங்கி அவற்றை மறவாது பதியும். வெறுஞ்சுவர் மண்டபத்தின் எதிர்முழக்கத்தைப் பின்னர் முற்றும் நீக்குதல் அரிது. கனத்த திரைகளும் விரிப்புகளும் இட்டு முன்னரே குறைத்தல் எளிது. தேர்ந்தவர், பேச்சு எதுவுமின்றி அவ்விடத்தின் அமைதியையும் அரை நிமிடம் தனியே பதிவார். தொகுக்குங்கால் இடைவெளிகளை நிரப்ப அது பயன்படும்.

மூன்றாவது, உடன்படிக்கையை எழுத்தில் அமைத்தல். எத்தனை மணி நேரம், எத்தனை முறை திருத்தம், எந்நாளில் ஒப்படைப்பு, எவ்வடிவில் ஒப்படைப்பு என்பன அதில் இடம்பெறவேண்டும். திரைக்கும் காணொளிக்கும் வினாடிக்கு 48,000 மாதிரி என்னும் அளவு பெருவழக்கு. இசைக் குறுந்தட்டுக்கு 44,100. தொகுக்கப்படாத மூலப் பதிவு யாரிடம் இருக்கும் என்பதும் தெளிவாதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவைத் தம் முயற்சியாலும் பொறுப்பாலும் உண்டாக்கும் தயாரிப்பாளரையே அதன் ஆக்கியோராகக் கொள்கின்றது. அவ்வுரிமை, வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிலவும். ஆயினும் எழுத்து இருப்பின் வழக்குக்கு இடமில்லை.

நான்காவது, ஊதியம். பதிவு வேளையில் நாம் காண்பது இரண்டு மணி நேர உழைப்பாயினும், தொகுப்பிலே இரண்டு நாள் கழிதல் கூடும். இதனை அறியாது கூலியைக் குறைப்போர், குறைந்த வேலையையே பெறுவர். முன்பணம் கொடுத்தலும், வெளியீட்டில் அவர் பெயரைப் பொறித்தலும் முறையேயாம். உள்ளூரில் வேலை கிட்டாவிடின் பயின்ற இளைஞர் பெருநகரங்களை நாடிச் செல்வர். பின்னர் அரைநாட் பதிவுக்கும் நாம் அந்நகரங்களையே நாடவேண்டிவரும்.

பெரிய இசைக்குழுவைப் பதிதற்குச் சென்னையிலுள்ள நிலையங்களே வேண்டப்படலாம். ஆனால் முதிர்ந்த ஆசிரியர் ஒருவரின் சொற்பொழிவு, கிராமத்துப் பாட்டியின் தாலாட்டு, நாடகக் குழுவின் அரங்கேற்றம் ஆகியவை நம்மைக் காத்திரா. தொலைவிலிருந்து வல்லுநர் வருமளவும் ஒத்திவைத்தால், அக்குரலே மறைந்துபோதல் கூடும். பழுதுற்ற படத்தை மீண்டும் எழுதலாம். மறைந்த குரலை மீண்டும் பதிய இயலாது. ஆதலின், நம் ஊரில் இத்தொழில் வல்லார் யாவரென இன்றே அறிந்துவைத்தல் நம் கடனாகும்.