ரப்பருக்குத் தோல் காவல்

ஆம்பூர் டேனரிகளில் குரோம் ஏற்றிய ஈரத்தோலை ‘வெட் புளூ’ என்பார்கள். வெளிர்நீலமாக, கனமாக, தொட்டாலே கை நனையும். எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், உப்பும் கலந்திருக்கும். மின்சாரம் அதில் தாராளமாக ஓடும். காய்ந்து கையுறையான பிறகும் தோலுக்கு ஈரத்தோடு உறவு விடுவதில்லை. “தோல் கிளவுஸ் போட்டிருக்கேனே, ஷாக் அடிக்குமா?” என்று கேட்டால், உள்ளங்கை வியர்த்தால் அடிக்கும் என்பதுதான் பதில்.

மின்வாகனங்களோடு இந்தக் கேள்வி இப்போது ஆம்பூர் வட்டாரத்துக்கே வந்துவிட்டது. ராணிப்பேட்டையில் 2021-இல் ஆம்பியர் மின்ஸ்கூட்டர் ஆலை திறந்தது. 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட். மின்காரிலோ 3.7 வோல்ட் செல்கள் 96-ஐ வரிசையாகக் கோத்தால் 355 வோல்ட். முழு சார்ஜில் 400-ஐத் தாண்டும். டி.சி. மின்சாரம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே வாகன விதிகளில் அது உயர் மின்னழுத்தம். அந்தக் கணக்கில் 72 வோல்ட் ஸ்கூட்டரும் சாது இல்லை.

பேட்டரியின் வெளிமுனையில் வோல்ட் பார்ப்பவர் கையில் இரண்டு உறைகள் இருக்கும். உள்ளே 1,000 வோல்ட் ஏ.சி. வரை தாங்கும் ரப்பர், மேலே தோல். மின்சாரத்தைத் தடுப்பது ரப்பர் மட்டுமே. கூரான தகரமோ கம்பியோ அதைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது தோலின் வேலை. அதனால் தோலுறை ரப்பரைவிட அரை அங்குலமாவது குட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தோலின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் மணிக்கட்டுக்கு வந்துவிடும். போடுமுன் ரப்பர் உறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துப் பார்ப்பார்கள். ஊசித்துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும்.

அடுத்தது மீட்டர். நல்ல மீட்டரின் உள்தடை ஒரு கோடி ஓம். 400 வோல்ட்டில் அதன் வழியே போவது வெறும் 40 மைக்ரோ ஆம்பியர். ஆனால் சிவப்பு ஒயரை மறதியாக ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் தடை ஏறக்குறைய இல்லை. பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது, பொறி நின்று எரியும்.

பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர் வடியக் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரை முதலில் காரின் சிறு 12 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பெரிய பேட்டரியின் வெளிமுனையில். பூஜ்ஜியம் காட்டினாலும் மறுபடி 12 வோல்ட் பேட்டரிக்கே திரும்ப வேண்டும்; நடுவில் மீட்டரே செத்திருக்கலாம் அல்லவா? மூன்றாவது தடவை, முதலில் காட்டிய அதே 12.6-ஐக் காட்டினால் அந்தப் பூஜ்ஜியத்தை நம்பலாம். அதுவும் வெளிமுனைக்கு மட்டும்தான். பேட்டரியின் காண்டாக்டர் சுவிட்சுகள் திறந்து மின்சாரத்தின் வழியை அடைத்திருக்கின்றன. மூடிக்குள்ளே செல்களில் சார்ஜ் அப்படியே இருக்கிறது.