ஒரே சுருதி, நான்கு வழி

கர்நாடக சங்கீதத்தில் பாடகர் தன் தொண்டைக்கு ஏற்ற சுருதியைத் தானே வைத்துக்கொள்கிறார். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். பாட்டு அதேதான், ஆதார சட்ஜம்தான் இடம் மாறுகிறது. தேவாலயப் பாடகர் குழுவில் அது நடக்காது. குழுவில் முப்பது பேர் இருந்தாலும் எல்லோரும் ஒரே ஆர்கனுக்கு, ஒரே சுருதியில், ஒரே நேரத்தில் பாடியாக வேண்டும். சுருதியை அசைக்க முடியாதபோது, தொண்டைக்குத் தகுந்தபடி பாடும் வரியையே மாற்றிக் கொடுக்கிறார்கள். சொப்ரானோ (வழக்கமாகப் பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) என்ற நான்கு பிரிவுகளையும் இப்படிப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. அவற்றைத் தரவரிசையாக எண்ணி, உயர்ந்த சுரங்களை எட்ட முடியாதவர்களை ஆல்டோவுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைப்பதால்தான் பலர் தங்கள் குரலை வருத்திக்கொள்கிறார்கள்.

பெயர்களின் வரலாறே தரவரிசை எண்ணத்தை மறுக்கிறது. டெனர் என்ற சொல் ‘பிடித்திரு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வழிபாட்டு மெட்டை நீண்ட சுரங்களாகப் பிடித்து நின்ற குரல் அது. மற்றக் குரல்கள் அதன்மேல்தான் கட்டப்பட்டன. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தோடு இணைத்துப் பேசப்படும் பெரோத்தின், 1200ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே நான்கு குரல்களுக்கு இசை அமைத்தார். முதன்மை மெட்டு மேல் குரலுக்குப் போய் நிலைத்தது பிற்காலத்தில்தான்.

‘மெட்டு சொப்ரானோவுக்கு, ஆல்டோவுக்கு வெறும் ஒத்தாசை’ என்ற மனக்குறை இன்றும் உண்டு. ஆல்டோவின் வரியைத் தனியாகப் பாடிப் பார்த்தால் இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றுவது உண்மைதான். ஆனால் ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஸவும் பவும் அசையாமல் நிற்க, அந்தர காந்தாரம் அரைச் சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமானால், மேற்கத்திய இசையில் மேஜர் எனப்படும் அந்தக் கூட்டொலி மைனராகிவிடும். கேட்பவருக்கு வெளிச்சம் மங்கினாற்போல் இருக்கும். அந்தக் காந்தாரம் பல இடங்களில் ஆல்டோவிடமோ டெனரிடமோதான் இருக்கிறது. அவர்கள் மயிரிழை பிசகினாலும் சொப்ரானோவின் நல்ல மெட்டு நிறம் மாறிவிடும்.

‘மனிதக் குரல் நான்கே வகைதானா?’ என்று கேட்பது நியாயம். பெண்களில் மெஸ்ஸோ, ஆண்களில் பாரிடோன் என்று நடுவில் நிற்கும் குரல்களே அதிகம். அவர்கள் மேலேயோ கீழேயோ ஒரு பக்கம் சேர வேண்டியிருக்கிறது. ஆக, இந்த நான்கும் தொண்டையின் வகைகள் அல்ல, இசையில் நிரப்ப வேண்டிய இடங்கள். ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் பதினாறாம் நூற்றாண்டில் ‘ஸ்பெம் இன் ஆலியம்’ படைப்பை நாற்பது குரல்களுக்கு எழுதினார். அதற்காக நாற்பது வகைத் தொண்டைகள் உண்டு என்று ஆகிவிடாது. ஆண், பெண் கணக்கும் உறுதியானதல்ல. லைப்சிக் நகரின் தோமானர் பாடகர் குழுவில் சிறுவர்கள்தான் சொப்ரானோவும் ஆல்டோவும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழுவில் ஆல்டோ பாடுவது வளர்ந்த ஆண்கள்.

நான்கு குரல் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இந்த ஏற்பாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேல் ஐந்து கோட்டில் வால் மேல்நோக்கிய சுரங்கள் சொப்ரானோவுக்கு, கீழ்நோக்கியவை ஆல்டோவுக்கு. கீழ் ஐந்து கோட்டில் அதேபோல் டெனரும் பேஸும். டெனரின் எல்லை ஏறக்குறைய சொப்ரானோவுக்கு ஒரு ஸ்தாயி கீழே. பேஸ் அதேபோல் ஆல்டோவுக்குக் கீழே. புதிதாகச் சேர்ந்தவரை எந்தப் பிரிவில் வைப்பது என்று பார்க்கும் நல்ல பயிற்றுநர், அவர் எட்டும் உச்ச சுரத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. எந்தச் சுரங்களில் தாடை இறுகாமல், கழுத்து நரம்பு புடைக்காமல் நெடுநேரம் பாடுகிறார் என்று கவனிக்கிறார். அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். இருபது வயதில் சொப்ரானோ பாடியவருக்கு ஐம்பதில் ஆல்டோ சுகமாக இருக்கலாம்.