பெரம்பலூர் வெயிலில் பேய் மிளகாய்: காரத்தை அளப்பது எப்படித் தெரியுமா?

மொட்டை மாடியில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? அது நிறையச் சர்க்கரைத் தண்ணீர். அதில் ஒரே ஒரு கிராம் காய்ந்த மிளகாய்த் தூளைக் கலக்குங்கள். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தால், காரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசாக உறைக்கிறது. அப்படியானால் அந்த மிளகாயின் காரம் 10 லட்சம் ஸ்கோவில்! நாம் தினம் சமையலில் போடும் குண்டூர் சன்னம் வத்தலுக்கு நாற்பது லிட்டர் தண்ணீர் ஊற்றினாலே காரம் அடங்கிவிடும்.

ஸ்கோவில் என்பது ஆள் பெயர். வில்பர் ஸ்கோவில், அமெரிக்க மருந்தியலாளர். பார்க் டேவிஸ் மருந்துக் கம்பெனியில் இருந்தபோது 1912-ல் இந்த முறையைச் சொன்னார். மிளகாய்த் தூளை ஆல்கஹாலில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் தெரிந்தும் தெரியாமலும் போகிற இடம் வரை தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவது. கருவி? மனித நாக்குதான்! அவர் சோதித்தவற்றில் அதிகக் காரம் மொம்பாசா மிளகாய். அதுவே 1 லட்சத்தைத் தாண்டவில்லை. பாவம், ஒரு நூற்றாண்டு கழித்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

நாக்கில் ஒரு கோளாறு. ஒரு மிளகாயை ருசித்ததுமே மரத்துப்போகும். அடுத்ததை நம்ப முடியாது. காரம் தின்றே வளர்ந்தவர் நாக்கும், பருப்பு சாதத்தில் வளர்ந்தவர் நாக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லுமா? அதனால் இப்போது எச்.பி.எல்.சி. என்கிற இயந்திரம். மிளகாயை உலர்த்தி, பொடித்து, கரைசலாக்கி உள்ளே செலுத்தினால் காரம் தரும் கேப்சைசினும் அதன் கூட்டாளிகளும் தனித்தனியாகப் பிரிந்து வரும். ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து 16-ஆல் பெருக்கினால் ஸ்கோவில் கணக்கு. சுத்தமான கேப்சைசின் 1 கோடியே 60 லட்சம்!

சரி, இந்தியாவின் பங்கு என்ன தெரியுமா? இதுதான் கதையின் சுவாரசியமான இடம். அசாமில் தேஜ்பூர் ராணுவ ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 2000-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள்: எங்கள் பக்கத்து மிளகாய் ஒன்று 8,55,000 ஸ்கோவில் காட்டுகிறது! உலகம் நம்பவில்லை. அந்த விதை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பால் போஸ்லாண்ட் குழு வளர்த்து அளந்தது. 10,01,304. அதுவே 2007-ல் கின்னஸ் சாதனை. பூத் ஜோலோக்கியா, அதாவது நம்மவர்கள் பேய் மிளகாய் என்று கூப்பிடுவது. அசாமில் வீட்டுக் கொல்லையில் பாட்டிமார்கள் காலம்காலமாக வளர்த்து, அரைத்து, ஊறுகாய் போட்டது!

இன்னும் கேளுங்கள். அதே மிளகாயைக் குவாலியரில் வளர்த்துப் பார்த்தார்கள். தேஜ்பூரில் விளைந்ததன் காரத்தில் பாதிக்கும் மேல் காணாமல் போயிற்று! விதை அதே விதை. தேஜ்பூரின் ஈரக்காற்று குவாலியரில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பெரம்பலூருக்கு வாருங்கள். ஆன்லைனில் விதை பாக்கெட் வாங்கி, வேப்பந்தட்டையிலோ பக்கத்து அரியலூர் மாவட்டத்துச் செந்துறையிலோ குரோ பேக்கில் நட்டால் பாக்கெட்டில் அச்சடித்த எண் கிடைக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பேய் மிளகாய்க்குப் பிடித்தது அசாமின் ஈரக்காற்று. இங்கே இருப்பது வறண்ட காற்று, போதாததற்குக் கரிசல். அதற்காகக் கட்டாயம் குறையும் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் தட்டுப்பட்டால் சாதாரண மிளகாயில் காரம் ஏறும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே செடியிலேயே காய்க்குக் காய் மாறும்! பாக்கெட்டில் இருப்பது வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு ஏதோ ஒரு பருவத்தில் பறித்த காயின் எண். உங்கள் காய்க்கு உங்கள் எண்தான், அளந்தால்தான் தெரியும். சித்திரை வெயிலில் பூவெல்லாம் கொட்டிவிடும் என்பதால் ஆடியில் விதை போடுவது புத்திசாலித்தனம். முளைக்கவே மூன்று வாரம் ஆகலாம், பதறாதீர்கள்.

அளக்க எங்கே போவது? நறுமணப் பொருள் வாரியத்தின் தர ஆய்வுக்கூடங்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. அரியலூர்க்காரர்களுக்குக் கொள்ளிடம் தாண்டினால் தஞ்சாவூர். அங்கே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பரிசோதனைக்கூடம் உண்டு. பெரிதாகத் தெரிகிற ஒரே ஒரு காயைப் பொறுக்கி எடுத்துப் போகாதீர்கள், அது ஏமாற்றுவேலை. பல செடிகளிலிருந்து கலந்து பறித்துக் காயவைத்துக் கொடுங்கள். பச்சையாக அளந்தால் எண் பாதாளத்துக்குப் போய்விடும், ஏனென்றால் பச்சைக் காயில் பெரும்பகுதி தண்ணீர். கையுறை முக்கியம். பொடிக்கிற வேலையை அடுப்படி மிக்சியில் வைத்துக்கொண்டால் வீட்டில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

காரம் விதையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளை நரம்பில்தான் கேப்சைசின் உற்பத்தி. ராட்சச மிளகாய்களில் மட்டும் அதோடு நிற்காமல், காயின் உட்சுவரிலும் காரப் பைகள் இருப்பதைப் போஸ்லாண்ட் குழு கண்டுபிடித்தது. நரம்பைக் கிள்ளி எறிந்து தப்பிக்கும் வேலை அங்கே செல்லாது!

இப்போதைய சாதனை? பெப்பர் எக்ஸ். அமெரிக்காவின் எட் கர்ரி உருவாக்கியது. 2023-ல் கின்னஸ் ஏற்ற சராசரி 26,93,000. 16-ஆல் வகுத்துப் பாருங்கள்: உலர்ந்த எடையில் ஆறில் ஒரு பங்கு காரமே!

வாய் எரிகிறதே, வாய் சுடுகிறதா? தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், ஒரு டிகிரிகூட ஏறியிருக்காது. சுடுகிறது என்று மூளைக்குச் சொல்லும் டி.ஆர்.பி.வி.1 என்ற வாசல் நரம்பில் இருக்கிறது. 43 டிகிரியைத் தாண்டும் சூட்டில் திறப்பது அதன் வேலை. அக்னி நட்சத்திரத்தில்கூட பெரம்பலூர் தொடத் தயங்கும் எண்! கேப்சைசின் அந்த வாசலைச் சாதாரண சூட்டிலேயே திறந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு. தண்ணீர் குடித்து அணைக்கப் பார்க்காதீர்கள், மோர் எடுங்கள்.

இதே வாசலை இன்னும் ஆவேசமாகத் திறப்பது ரெசினிஃபெராடாக்சின். கணக்குப்படி 1600 கோடி ஸ்கோவில்! மொராக்கோவில் வளரும் ஒரு கள்ளியின் பாலில் இருக்கிறது. நம் ஊர் வேலியோரத் திருகுகள்ளிக்கு அது சொந்தக்காரச் செடி. (திருகுகள்ளிப் பாலைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய வைத்தியம் ஆகிவிடும்.)

இன்னொன்று. பெரம்பலூர் என்றாலே சின்ன வெங்காயம். அதன் காரத்துக்கும் தனி அளவுகோல் இருக்கிறது தெரியுமா? வெங்காயத்தை நசுக்கும்போது உண்டாகும் பைருவிக் அமிலத்தை அளக்கிறார்கள். ஸ்கோவிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயத்தையும் மிளகாயையும் சேர்த்துக் கடிக்கும்போது, உங்கள் வாயில் இரண்டு வேறு வேதியியல் பாடம் நடக்கிறது!

அத்தனை பாடுபட்டு வளர்த்த காய் பழுத்ததும் முதலில் சாப்பிடப்போவது நீங்களாக இல்லாமலும் போகலாம். பறவைகளின் வாசலை கேப்சைசினால் திறக்க முடியாது. பத்து லட்சமோ இருபது லட்சமோ, அவற்றுக்கு அது வெறும் பழம். விதை சிதையாமல் எச்சத்தோடு வேறு இடத்தில் விழுவதால் செடிக்கும் அதுதான் வேண்டும். குரோ பேக்குகளுக்கு மேலே வலை கட்டிவிடுங்கள்.